சத்தம் சேராத மூலை

இது நடந்தது. நடந்த வீடு இன்றைக்கும் கல்முனைக்குடியில் இருக்கிறது. எந்த ஒழுங்கை என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்களும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். கச்சிமுகம்மதுவே பத்து நாள் நம்பாமல்தான் திரிந்தார்.

பேய்க் கதை என்றதும் நடுச்சாமம், நாய் ஊளை, அமாவாசை என்று காத்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும், அதொன்றும் என் கையில் இல்லை. 1998 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஐஸ்பழக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். பயப்பட ஒரு காரணமும் இல்லாத நேரம்.

கச்சிமுகம்மதுவுக்கு அப்போது நாற்பத்திமூன்று வயது. கல்முனை பசாரில் ரேடியோ, டேப் திருத்துகிற கடை வைத்திருந்தார். மீட்டர் எல்லாம் மேசையில் தூசி பிடித்துக் கிடக்கும். மனிதருக்குக் காதுதான் மீட்டர். ஒரு ஸ்பீக்கரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதிட சுருள் கருகியிரிக்கி" என்பார். திறந்து பார்த்தால் கருகித்தான் இருக்கும். அந்தக் காதை வைத்துத்தான் பெயரெடுத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அந்தப் பெயருக்குத்தான் ஐந்து மாதத்துக்கு முதல் ஆபத்து வந்தது. ஒரு கல்யாண வீட்டில் கூம்பு ஸ்பீக்கரின் வாய்க்குள் குனிந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இடது காதில் ஓர் இரைச்சல். கொதிக்கப் போகிற கேத்தல் போல, பகலும் இரவும் "ஸ்ஸ்ஸ்ஸ்..." நிற்பதே இல்லை. திருத்திக் கொடுத்த சாமான் இரண்டு திரும்பி வந்தன. "சத்தம் ஒரு பக்கம் சாயுது காக்கா" என்றார்கள். அந்தப் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். தேத்தண்ணிக் கடைக்குள் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. கச்சிக்குக் காது போய்விட்டதாம் என்று ஊர் கதைக்கத் தொடங்கியிருந்தது.

ரேடியோக்காரனுக்குக் காது போனால் பிறகு என்ன மிச்சம்? மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. காது டொக்டரிடம் போவதற்கு இரண்டு தரம் நாள் குறித்து, இரண்டு தரமும் போகாமல் விட்டார். போனால் உண்மை தெரிந்துவிடுமே. ஆனால் தெரியாமலும் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது, நடக்கும்போது, கடையில் தனியாக இருக்கும்போது, இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்ப்பார். பார்க்கிறவர்களுக்கு ஈ விரட்டுகிற மாதிரி இருக்கும்.

இந்த நிலையில்தான் பதியுதீன் கூப்பிட்டான்.

பதியுதீன் நாலு வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவன். வரும்போது ஒரு சீடி பிளேயர், ஒரு அம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர், கூடவே ஒரு சப்வூபர் கொண்டு வந்திருந்தான். சப்வூபர் என்றால் அடித்தொண்டைச் சத்தத்துக்கென்று தனியாகச் செய்த பெட்டி. கறுப்பு நிறம், முழங்கால் உயரம், தனி ஆள் தூக்கினால் முதுகு பிடிக்கிற பாரம். அப்போது கல்முனையில் அதைக் கண்டவர்கள் குறைவு. பதியுதீன் எல்லாவற்றையும் தானே பூட்டிப் பார்த்திருந்தான். பாட்டு ஒரு பக்கம் போனது, பேஸ் என்கிற தாழ்ந்த சத்தம் இன்னொரு பக்கம் போனது. பக்கத்து வீட்டில் யாரோ உரல் இடிக்கிற மாதிரி "டும் டும்" என்று தனியாகக் கேட்டது.

"வெள்ளிக்கிழம கூட்டாளிமார் வாறாங்க காக்கா. எல்லாரும் சவூதியால வந்தவன்கள். அவங்களும் இதே மாதிரி பெட்டி வெச்சிரிக்காங்க, பூட்டத் தெரியா. இது சரி வந்தா அஞ்சு வீட்டு வேல உங்களுக்குத்தான்."

சரி வராவிட்டால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஐந்து பேர் ஐந்து தேத்தண்ணிக் கடையில் போய்ச் சொல்வார்கள். கச்சிமுகம்மது வீட்டுக்குள் நுழையும்போதே இடது காதடியில் ஒரு தரம் விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டார்.

சாமான் எல்லாம் முன் மண்டபத்தில் கிடந்தன. அவர் நின்ற இடத்திலேயே கையைத் தட்டிப் பார்த்தார். மண்டபம் ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறந்திருந்தது.

"இஞ்ச சரி வராது தம்பி. நாலு சுவரும் கதவும் உள்ள அறை ஒண்டு வேணும்."

"ஒரு அறை சும்மாதான் கிடக்கு. பூட்டி வெச்சிரிக்கி."

உள் வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பதியுதீனின் மனைவி சரீபா. அந்நிய ஆண் வந்திருப்பதால் அவள் வெளியே வரவில்லை.

"அந்த அறை வேணாம்."

"ஏன்?"

பதியுதீன் சிரித்துக்கொண்டு திரைக்குள் கையை நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்து பூட்டின் திறப்பு அவன் கையில் வந்து விழுந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை. சீமெந்துத் தரை. இடப் பக்கப் பின் மூலையில் ஒரு பழைய அலுமாரி நின்றது. அதற்கும் பின் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி இருக்கக்கூடிய இடைவெளி. வலப் பக்கச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். அதன் பலகை இடுக்குகளிலெல்லாம் வெள்ளைத் துணியைக் கீறி அடைத்திருந்தார்கள். தூசிக்காக இருக்கும் என்று கச்சிமுகம்மது நினைத்தார். ஜன்னலடியில் கட்டில் கால் தேய்த்த நாலு அடையாளம். மெல்லிய தைல மணம்.

அவர் வாசலில் நின்று கையைத் தட்டினார். வெறும் அறைக்குக் கை தட்டினால் சுவர்கள் "டங்" என்று திருப்பிச் சொல்லும். ஆள் இருக்கிற அறை அப்படிச் சொல்லாது. மனித உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் கொஞ்சம் குடித்துவிடும். இந்த அறை "டங்" என்று சொல்லவில்லை.

"உள்ளுக்கு ஆரும் இருந்தாங்களா தம்பி?"

"ஆரு? அலுமாரியும் கரப்பத்தானும்தான்."

காது, என்று நினைத்தார் கச்சிமுகம்மது. இடது காது வேலையைக் காட்டுது.

இருவருமாகச் சாமான்களை உள்ளே கொண்டுபோனார்கள். வாசல் சுவரோரம் இரண்டு முக்காலிகள், அவற்றின் மேல் ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரு கதிரை. அந்தக் கதிரையில் இருந்துதான் பதியுதீன் பாட்டுக் கேட்கப் போகிறான். சரி, சப்வூபரை எங்கே வைப்பது? அதற்குப் பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு வழி படம் போட்டிருந்தது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும் வழி. பாரப் பெட்டியைத் தூக்கி ஆள் இருக்க வேண்டிய கதிரையில் வைக்க வேண்டும். தாழ்ந்த சத்தம் ஒன்றை நிற்காமல் ஓடவிட வேண்டும். பிறகு மனிதன் குழந்தைப் பிள்ளை மாதிரி சுவரோரமாகத் தவழ்ந்து போய், எந்த இடத்தில் பேஸ் நிறைவாகவும் சீராகவும் கேட்கிறதோ அந்த இடத்தில் அடையாளம் போட வேண்டும். பெட்டியின் இடம் அதுதான். கதிரையும் அந்த இடமும் ஒன்றுக்கொன்று பார்த்துக்கொண்டவை. இங்கிருந்து அங்கே எப்படிக் கேட்குமோ, அங்கிருந்து இங்கேயும் அப்படித்தான் கேட்கும்.

நாற்பத்திமூன்று வயதுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சோக்குக் கட்டியோடு முழங்காலில் இறங்கினார். பதியுதீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மூன்று மணி இருபத்தைந்து. பெட்டியோடு வந்த சோதனைச் சீடி ஓடத் தொடங்கியது.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

ஒரே சத்தம். காதை விட வயிறு அதிகம் கேட்கும் சத்தம். கச்சிமுகம்மது வாசலிலிருந்து வலப் பக்கமாகத் தவழ்ந்தார். முதல் மூலையில் பேஸ் அளவுக்கு மீறி ஊதியது. சோக்கால் ஒரு புள்ளடி போட்டார். அங்கிருந்து ஜன்னலை நோக்கிப் போனார். நல்ல சத்தம். நல்ல சத்தம்.

ஜன்னலடியில் சத்தம் இல்லை.

குறைந்தது என்று சொல்லவில்லை. இல்லை. கத்தியால் வெட்டின மாதிரி ஒரு விளிம்பில் நின்றுவிட்டது. அறைகளில் பேஸ் குறைகிற இடங்கள் இருக்கும். கச்சிமுகம்மதுவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அவை மெதுவாகக் குறைந்து மெதுவாகக் கூடும். இதற்கு விளிம்பு இருந்தது. இரண்டடி அகலம்.

அவர் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தார். நல்ல காது. அதிலும் இல்லை.

சோக்கால் ஒரு வட்டம் போட்டுவிட்டு எழும்பினார். பெட்டியின் முதுகில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தட்டினால் சப்வூபரும் ஸ்பீக்கர்களும் ஒன்றாக மூச்சு விடும். மறுபக்கம் தட்டினால் ஒன்று விட மற்றது இழுக்கும். சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். அது மாறிக் கிடக்கிறதோ என்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. வயர்களைக் கழற்றினார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. எல்லாம் சரி. திரும்பவும் பூட்டினார்.

மூன்று மணி நாற்பது. மறுபடி தவழ்ந்தார்.

ஜன்னலடியில் இப்போது பேஸ் இருந்தது. வட்டம் போட்ட இடத்திலேயே நிறைவாக இருந்தது.

கொஞ்சம் நிம்மதியோடு மேலும் தவழ்ந்தார். மூலை திரும்பிப் பின் சுவருக்கு வந்தார். பின் சுவரின் நடுவில்... வெட்டின மாதிரி நின்றது. அதே விளிம்பு. அதே இரண்டடி.

"என்ன காக்கா?" என்றான் பதியுதீன்.

"ஒண்டுமில்ல. கொஞ்சம் விளையாட்டுக் காட்டுது."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததைக் கச்சிமுகம்மது கண்டார். அவனும் தேத்தண்ணிக் கடைக் கதையைக் கேட்டிருப்பான். அவமானம் காது மடல் வரை சுட்டது. எழும்பி நடந்தார். இருந்தார். மறுபடி எழும்பினார். வைத்திருந்த பிளேன்டீயைக் குடிக்கவில்லை, ஆறிப்போனது.

மூன்று மணி ஐம்பத்திரண்டு. பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது. அவர் உடனே சத்தத்தை நிறுத்தினார்.

"நான் போய்த் தொழுதிட்டு வாறன். வாறீங்களா?" என்றான் பதியுதீன்.

"நீங்க போங்க தம்பி. இத முடிச்சிட்டுப் போறன்."

பதியுதீன் போனான். வெளிக்கதவு "கிரீச்" என்றது.

அறையில் பாங்குச் சத்தம் மட்டும். கச்சிமுகம்மது கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். துணி இழுபடுகிற சத்தம். பாங்கு கேட்டதும் வீட்டுப் பெண்கள் முக்காட்டைத் தலைக்கு இழுத்து விடுவார்களே, அதே "சரக்".

சரீபா வாசலில் வந்து நிற்கிறாள் என்று நினைத்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "என்ன தங்கச்சி?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. மண்டபத்துக்கு அப்பால் உள் வாசல் திரை அசையாமல் தொங்கியது.

சத்தம் வந்தது அலுமாரிப் பக்கமிருந்து.

அந்த நேரமே அவர் வெளியே போயிருக்கலாம். போகச் சொல்லிக் கால் சொன்னது. ஆனால் போனால் என்ன? கச்சிக்குக் காது போய்விட்டது என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். ஐந்து வீட்டு வேலை. இருபது வருடப் பெயர். பாங்கு முடிந்ததும் சீடியைத் திரும்பவும் போட்டார்.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

மூன்று மணி ஐம்பத்தெட்டு. இந்தத் தடவை பெட்டியை மறந்துவிட்டு, அந்தச் சத்தமில்லாத இடத்தைத்தான் தேடினார். பின் சுவரின் நடுவில் இருந்தது. கையை அதை நோக்கி வைத்தார்.

அது நகர்ந்தது.

ஒரு அடி அப்பால் போனது. அவர் ஒரு அடி முன்னுக்குப் போனார். அது இன்னும் ஒரு அடி போனது.

அவர் நின்றார். அதுவும் நின்றது.

அவர் பின்னுக்கு வந்தார். அது வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவிட்சுக்கும் சம்பந்தமில்லை. அது அவரைப் பார்த்துத்தான் விலகுகிறது. வாசலில் இருந்து அவர் வர வர, ஜன்னலடியில் இருந்தது பின் சுவருக்குப் போனது. இப்போது பின் சுவரில் இருந்து...

அலுமாரிக்கு.

"அஊது பில்லாஹி..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

திரும்பியிருக்க வேண்டும். அதை அவரே பிறகு எத்தனையோ தரம் சொன்னார். ஆனால் மனிதருக்கு ஒரே பிடி. காது கேட்குதா, இல்லையா? அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவழ்ந்தார்.

அலுமாரியின் பக்கம் வந்தார். அது இடைவெளிக்குள் போனது.

அதற்கு மேல் போக அதற்கு இடமில்லை. ஒரு பக்கம் அலுமாரி. ஒரு பக்கம் சுவர். முன்னுக்கு அவர்.

நாலு மணி மூன்று நிமிடம்.

அவர் தலையை அந்த இடைவெளிக்குள் நீட்டினார்.

பேஸ் நின்றது.

வெளித் தெரு நின்றது.

இடது காதின் இரைச்சல்... ஐந்து மாதம் நிற்காத இரைச்சல்... நின்றது.

சத்தமே இல்லை. ஆனால் அது வெறும் இடத்தின் அமைதி இல்லை.

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற அமைதி.

பிறகு கேட்டது.

தும்...

தும் தும்...

............தும்.

அவர் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். தன்னுடைய நாடி வேகமாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

இது அது இல்லை.

இது தடுமாறியது. தரையிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வரவில்லை. அவருடைய முகத்துக்கு நேரே, ஒருவர் குந்தியிருந்தால் நெஞ்சு எங்கே இருக்குமோ, அங்கே.

தும்...

தும்.

...

நின்றது.

அடுத்த நொடி பேஸ் அவர் மேல் விழுந்தது. மூலை முழுக்க, அலுமாரிப் பலகை அதிர, பல் கிட்ட, ம்ம்ம்ம்ம் என்று நிறைந்தது. இடது காதில் கேத்தல் மறுபடி கொதித்தது. அவர் முழங்காலில் பின்னுக்குப் பின்னுக்கு வந்து, எழும்பி, வாசலைத் தாண்டி மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்டபத்து மணிக்கூட்டில் நாலு மணி ஏழு நிமிடம்.

பதியுதீன் தொழுதுவிட்டு வந்தபோது அவர் முகத்தைக் கழுவியிருந்தார். இருவருமாகச் சப்வூபரைத் தூக்கினார்கள். எங்கே வைப்பது என்று கேட்டான். பேஸ் மிக நிறைவாகக் கேட்ட இடம் எது என்று கச்சிமுகம்மதுவுக்குத் தெரியும். அலுமாரியைத் தள்ளி, அந்த மூலையிலேயே வைத்தார்கள். எந்தச் சத்தத்தோடு ஸ்பீக்கர் விட வேண்டும், எந்தச் சத்தத்திலிருந்து பெட்டி பிடிக்க வேண்டும் என்று பிரிக்கிற குமிழைத் திருப்பிப் பொருத்தினார். சத்தத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். பதியுதீன் ஒரு ஹிந்திப் பாட்டைப் போட்டான்.

பெட்டி காணாமல் போனது. பேஸ் அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து வருகிறதென்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டுக்காரனின் நெஞ்சிலிருந்து வருகிற மாதிரி இரண்டு ஸ்பீக்கரோடும் கலந்து நின்றது. அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளில் அதுதான் மிகச் சிறந்தது. பதியுதீன் கண் கலங்கினான். கச்சிமுகம்மது கூலியை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. படுத்தால் எழும்புவார், எழும்பினால் நடப்பார். கடையில் ஒரு ஸ்பீக்கரைத் திறந்தால் திருத்தாமலே மூடி வைப்பார். காதின் கோளாறுதான் என்று பகலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பின்னேரம் நாலு மணியானால் அந்தச் சமாதானம் போய்விடும்.

ஒன்பதாம் நாள் காது டொக்டரிடம் போனார். டொக்டர் அழகரெத்தினம் மட்டக்களப்பிலிருந்து கிழமைக்கு ஒரு நாள் வந்து நோயாளிகளைப் பார்ப்பவர். காதில் ஹெட்போனை மாட்டி, சின்னச் சின்னச் சத்தங்களாக விட்டு, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். ஐந்து மாதமாகக் காது நல்லாக இருக்க வேண்டும் என்று அழுதவர், அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, யா அல்லாஹ், காது பழுதாக இருக்கட்டும் என்று துஆக் கேட்டார். காது பழுதென்றால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் அல்லவா?

"இரைச்சல் நரம்பால வாறது. அது கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்றார் டொக்டர். "ஆனா கேக்கிறதுல ஒரு குறையும் இல்ல. மெல்லிய சத்தம், தாழ்ந்த சத்தம் எல்லாம் கேட்டிருக்கிறீங்க. என்ட காதவிட உங்கட காது நல்லம்."

கச்சிமுகம்மது நன்றி சொல்ல மறந்து எழும்பி வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் பதியுதீன் வீட்டுக்குப் போனார். வயர் பார்க்க வந்ததாகச் சொன்னார். பதியுதீன் சந்தோஷத்தோடு அறைக்குள் ஓடிச் சீடி தேடத் தொடங்கினான். கச்சிமுகம்மது அறைக்குள் போகவில்லை. மண்டபத்தில் நின்றார். உள் வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"காக்கா." சரீபாவின் குரல் தாழ்ந்திருந்தது. "அண்டைக்கு அறைக்குள்ள இருந்து ஏன் அப்பிடி ஓடி வந்தீங்க?"

"ஓடல்ல தங்கச்சி. காத்து வாங்க வந்தன்."

"பொய் செல்லாதீங்க. நான் பார்த்தன்."

அவர் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அது எங்கட சாச்சிட அறை. உம்மாட தங்கச்சி. ஸுஹைறா சாச்சி. சீனிமுகம்மது சாச்சா மவுத்தான பொறகு அதுக்குள்ளதான் இத்தா இருந்தா."

இத்தா என்றால் என்னவென்று அந்த ஊரில் விளக்கத் தேவையில்லை. கணவன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு ஒதுங்கி இருப்பாள். சிலர் அந்நிய ஆணின் கண்ணிலும் படாமல், குரலும் கேட்க விடாமல், அவ்வளவு பேணுதலாக இருப்பார்கள். ஸுஹைறா சாச்சி அப்படிப்பட்டவர்.

"முடிய ஒரே ஒரு நாள்தான் இருந்திச்சு. அஸருக்கு நெஞ்சு நோவு வந்திட்டு. டொக்டரக் கூப்பிடுவம் எண்டன். 'ஒரு நாள்தானே புள்ள, நாளைக்கு வரச் செல்லு' எண்டா. மௌலவியும் செல்லியனுப்பினாரு, வருத்தத்துக்கு டொக்டர் பார்க்கிறது குத்தமில்ல எண்டு. கேக்கல்ல. நான்தான்... நான்தான் மனசு கேக்காம டொக்டரக் கூட்டி வந்தன்."

அறைக்குள் பதியுதீன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சீடிகளைப் புரட்டினான்.

"அவரு வாசல்ல கால வெச்சாரு. சாச்சி ஜன்னலடிக் கட்டில்ல இருந்து இறங்கினா. எழும்ப ஏலாத மனிசி காக்கா. சுவரப் புடிச்சிப் புடிச்சிப் பின் சுவருக்குப் போனா. 'பயப்படாதீங்க உம்மா' எண்டு அவரு கிட்டப் போனாரு. அவ அலுமாரிக்கிட்டப் போனா. அவரு இன்னும் கிட்டப் போனாரு. பொறகு அந்த இடுக்குக்குள்ள..."

அலுமாரி வரைக்கும் தவழ்ந்ததைக் கச்சிமுகம்மது யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"மூச்ச அடக்கிக்கிட்டு இருந்தா. மூச்சுச் சத்தம்கூட அவருக்குக் கேக்கப்படாதெண்டு. அவரு கைய நீட்ட முந்தி முடிஞ்சிட்டு."

"எப்ப?" என்றார்.

"ரெண்டு வருசம். இவரு அப்ப சவூதியில, எப்பிடி மவுத்தானா எண்டு நான் ஒண்டும் செல்லல்ல. அதுக்குப் பொறகு அந்த அறைக்குள்ள ஆம்புள ஒருத்தரையும் நான் விடல்ல. வாசலால போகக்குள்ள உள்ளுக்கு ஆள் இரிக்கிற மாதிரியே இரிக்கும். எனக்கு அது பயமில்ல காக்கா. கதவுக்கிட்ட நிண்டு மாப்புக் கேட்டுக்கிட்டே இருந்தன். அண்டைக்கு நீங்க வெளிய வந்த நேரத்தில இருந்து இல்ல. வெறும் அறை."

அவள் அழுதாள். பிறகு கேட்டாள்.

"அவட அந்த ஒரு நாள் முடிஞ்சி போனாவா காக்கா? இல்லாட்டி... நீங்க கிட்டப் போனதாலயா?"

அந்தக் கேள்வியைக் கச்சிமுகம்மது பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை வந்த ஐந்து பேரும் அவருக்கு வேலை சொல்லியனுப்பியிருந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் அவரைக் கண்டதும் ஆட்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள். கச்சியின் காது போல காது இல்லை என்று ஊர் மறுபடி கதைத்தது.

அறைக்குள் பாட்டுத் தொடங்கியது.

"காக்கா! இஞ்ச வந்து கேளுங்க!" பதியுதீன் கத்தினான். "மூலைக்கு மூலை நடந்து பார்த்திட்டன். எல்லா இடமும் ஒரே மாதிரி! முதல் நாள் எங்கயோ சத்தம் இல்லெண்டு தேடினீங்களே, அது எங்க போச்சு?"

அவர் வாசலில் நின்று கேட்டார். அந்தக் காது பொய் சொல்லாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நாலு மூலையிலும் பேஸ் நிறைந்து நின்றது. ஒரு மூலையிலும் ஆள் இல்லை.